மிதித்தால் முக்கும் பழைய கார்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

'பிக்கப் இல்லை' என்ற ஒரே புகாருக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். ஒரு கார் ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் முக்கும், அடுத்த நொடி ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். இன்னொன்று நன்றாகவே கிளம்பும், மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். வேறொன்று வெட்டி வெட்டி இழுக்கும். ஓட்டுபவருக்கு எல்லாமே 'மிதித்தால் போகவில்லை'தான். ஆனால் முதல் காருக்குப் பெட்ரோல் பம்ப்பை மாற்றினாலும் இரண்டாவது காருக்கு பிளக்கை மாற்றினாலும் காசு போகும், முக்கல் போகாது.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? மிதித்த முதல் அரை நொடியிலா, மிதித்தபடியே பத்து நொடி போன பிறகா? இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் மந்தமாக இருக்கிறதா, இல்லை யாரோ பின்னாலிருந்து கயிற்றை இழுத்து இழுத்து விடுவதுபோல் இருக்கிறதா? ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜினைச் சும்மா ஓடவிடும்போது, சீராக நிற்கிறதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்தால் எந்தப் பக்கம் தேடுவது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

முதலில், கோளாறு இன்ஜினில்தானா?

ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். இன்ஜின்மேல் பழி போடாதீர்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் வண்டியை உருட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே நிற்கிறது. அப்புறம் ஆக்சிலரேட்டர் கேபிள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை முழுதாக மிதிக்கச் சொல்லி, பானெட்டுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். புது மேட் போட்ட நாளிலிருந்து பிக்கப் குறைந்த ஒரு காரைப் பார்த்திருக்கிறேன். மேட் தடுத்ததால் மிதி முக்கால்வாசிக்கு மேல் இறங்கவே இல்லை. அதற்குள் அந்த வண்டிக்கு ஒரு செட் பிளக் மாற்றியாகிவிட்டது.

மிதித்த அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். ஐட்லிங்கில் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். தகட்டைத் தாண்டி சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதியான மானிஃபோல்டுக்குள் வாக்யூம், அதாவது உறிஞ்சல், பலமாக இருக்கும். அந்தக் குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் நன்றாக ஆவியாகும். நீங்கள் சட்டென்று மிதித்ததும் தகடு திறக்கிறது, வாக்யூம் விழுகிறது, காற்று பாய்ந்து உள்ளே வருகிறது. காற்று லேசு, உடனே வந்துவிடும். பெட்ரோல் கனம், பின்தங்கும். போதாததற்கு, வாக்யூம் விழுந்ததும் ஆவியின் ஒரு பகுதி மானிஃபோல்டு சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். முழுச் சக்தி வேண்டும்போது காற்று 13-க்கும் கீழே இறங்கி, பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அதாவது பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறைகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப எல்லா இன்ஜினிலும் ஏதாவது ஓர் ஏற்பாடு இருக்கும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் பழைய கார்புரேட்டரில் அது, மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப். இன்ஜெக்‌ஷன் காரில், திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். வயதான காரில் முதலில் தேய்வதும் கிழிவதும் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான்.

மிதித்ததும் ஒரு கணம் முக்கி, பிறகு சரியாகப் போகிறது

கார்புரேட்டர் காராக இருந்தால் இன்ஜினை அணையுங்கள். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், சிகரெட்டும் தீக்குச்சியும் பக்கத்தில் கூடாது. திராட்டில் லீவரைக் கையால் மெல்ல நகர்த்துங்கள். நகர ஆரம்பித்த அந்தக் கணமே மெல்லிய குழாய் நுனியிலிருந்து பெட்ரோல் கம்பிபோல் நேராகப் பீச்ச வேண்டும். லீவர் கால்வாசி திரும்பிய பிறகுதான் வருகிறதா? சொட்டுச் சொட்டாக விழுகிறதா? பீச்சும்போது காற்றுக் குமிழி கலந்து துப்புகிறதா? அப்படியென்றால் பம்ப்பின் ரப்பர் சவ்வான டயாபிரம் விறைத்துவிட்டது, இல்லையென்றால் கிழிந்துவிட்டது. பழைய ரப்பர்கள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு முந்தைய காலத்தவை, அதில் ஊறி விறைப்பதும் வெடிப்பதும் சகஜம். டயாபிரம் நன்றாக இருந்தும் பீச்சவில்லை என்றால் நாசில் அடைத்திருக்கும், அல்லது அடியில் இருக்கும் சின்ன வால்வு குண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். லீவருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள கம்பி தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தாலும் பீச்சல் தாமதமாகும். இந்தச் சோதனையைப் பத்துத் தடவை செய்துகொண்டே இருக்காதீர்கள். பெட்ரோல் உள்ளே இறங்கி அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது.

எஸ்.யூ. வகை கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. அங்கே பிஸ்டன் ஒன்று மேலெழும். அது சட்டென்று எழாமல் தடுக்க மேலே உள்ள குழலில் எண்ணெய் இருக்கும். பிஸ்டன் மெதுவாக எழும் அந்தக் கணத்தில் காற்று குறைந்து, உறிஞ்சல் கூடி, பெட்ரோல் அதிகமாக வரும். அந்த எண்ணெய் வற்றிவிட்டால் மிதித்ததும் முக்கும். மேலே உள்ள திருகு மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றுவதோடு வேலை முடிந்தது. இவ்வளவு எளிய மருந்து பழைய காரில் வேறு எதற்கும் கிடையாது என்றே சொல்வேன்.

பெட்ரோல் ஒழுங்காகப் பீச்சுகிறது, ஆனாலும் முக்குகிறது என்றால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் தட்டுபோல் ஒட்டியிருப்பது, உறிஞ்சலுக்கு ஏற்பத் தீப்பொறி நேரத்தை மாற்றும் வாக்யூம் அட்வான்ஸ் டயாபிரம். அதன் ஹோஸை கார்புரேட்டர் பக்கம் கழற்றி, துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். நாக்கு இழுபட்டு நின்றால் டயாபிரம் நலம். காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உறிஞ்சினால் உள்ளே தகடு லேசாகத் திரும்புவதையும் பார்க்கலாம். உறிஞ்சல் நிற்கிறது, தகடு மட்டும் திரும்பவில்லை என்றால் துருவோ காய்ந்த கிரீஸோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் காரில் முதல் சந்தேகம் திராட்டில் பொசிஷன் சென்சார். அது ரேடியோவின் பழைய வால்யூம் குமிழ் மாதிரி: ஒரு கரிப் பட்டை, அதன்மேல் உரசி நகரும் ஒரு கை. மூன்று ஒயர் இருக்கும். ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வைத்துத் திராட்டிலை மிக மெதுவாகத் திறங்கள். பல கார்களில் மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் பக்கமும் முழுதாகத் திறந்தால் 4.5 வோல்ட் பக்கமும் காட்டும். எண் சரியாக இருப்பதைவிட, இடையில் எங்கும் குதிக்காமல் ஏறுவதுதான் முக்கியம். இந்த வேலைக்கு முள் வைத்த பழைய மீட்டர்தான் லாயக்கு. டிஜிட்டல் மீட்டர் எண்ணை மாற்றுவதற்குள் அந்தக் குழி கடந்து போய்விடும், முள் துள்ளுவது கண்ணுக்குத் தப்பாது. தேய்மானம் பெரும்பாலும் ஐட்லிங்குக்குச் சற்று மேலேதான் இருக்கும். நம் கால் நாளெல்லாம் இருக்கும் இடம் அதுதானே. அதனால் அந்தப் பகுதியை இரண்டு மூன்று தடவை போய்த் திரும்பிப் பாருங்கள்.

ரிவர்ஸில் மட்டும் நன்றாகப் போன கார்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என்னிடம் இருந்த ஒரு பழைய இன்ஜெக்‌ஷன் கார் ஐட்லிங்கில் பொம்மைபோல் நிற்கும். நிறுத்தி வைத்து ரேஸ் செய்தாலும் ஒரு குறையும் தெரியாது. கியர் போட்டுக் கிளம்பினால் முக்கும். பெட்ரோல் ஃபில்டர், பிளக், கடைசியில் பெட்ரோல் பம்ப்பும் மாற்றினேன். முக்கல் அப்படியே இருந்தது. ஒருநாள் குறுகலான இடத்திலிருந்து ரிவர்ஸில் ஏற்றமாக வெளியே எடுத்தபோது வண்டி துளிக்கூடத் திணறவில்லை. முன்னால் போனால் முக்குவது பின்னால் போனால் ஏன் முக்கவில்லை?

மிதிக்கும்போது இன்ஜின் தன் மவுண்டின்மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஏர் ஃபில்டரிலிருந்து திராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்க மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. இன்ஜின் முன்னோக்கிச் சாய்ந்தால் வெடிப்பு வாயைத் திறக்கும், பின்னோக்கிச் சாய்ந்தால் மூடிக்கொள்ளும். வாயைத் திறந்தபோதெல்லாம் காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி, கணக்கில் வராத காற்று உள்ளே போயிருக்கிறது. கம்ப்யூட்டர் அளந்த காற்றுக்கு மட்டும் பெட்ரோல் ஊற்றியிருக்கிறது.

ஆகவே அந்தக் குழாயை மேலிருந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுக் குழாயும் சீக்கிரம் வெடிக்கும். ஒரு விஷயம்: காற்றின் அளவுக்குப் பதிலாக மானிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் இந்தக் குழாய் வெடித்தாலும் கலவை கெடாது. அந்தக் கார்களில் சென்சாருக்குப் போகும் மெல்லிய வாக்யூம் ஹோஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெட்டி வெட்டி இழுக்கிறது

மந்தமாக இல்லாமல், டக் டக்கென்று வெட்டினால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தீப்பொறிப் பக்கம் போங்கள். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஐட்லிங்கில் எப்படியோ சமாளித்த ஒயர், இப்போது பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தை வழியிலேயே பக்கத்து உலோகத்துக்குக் கொடுத்துவிடும். டாப் கியரில், 2000 ஆர்பிஎம் அளவில், சிறு மேட்டில் முழுதாக மிதித்தால் வெட்டல் பளிச்சென்று தெரியும்.

இருட்டிய பிறகு, இன்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து விளக்கில்லாமல் பாருங்கள். ஒயர்களின்மேல் நீலநிறத்தில் பொறி ஓடினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். தெரியவில்லையா, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒயர்கள்மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேலும் பனிபோல் அடியுங்கள். இன்ஜின் உடனே மிஸ் அடித்தால் அங்கேதான். கையை எதன்மேலும் வைக்காதீர்கள், அந்த அடி நன்றாக ஞாபகம் இருக்கும். ஓடும் இன்ஜினில் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை மின்னணு இக்னிஷன் உள்ள காருக்கு ஆகாது. இக்னிஷன் மாட்யூல் போய்விடலாம், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும். வெட்டலோடு நாள்கணக்கில் ஓட்டினாலும் இதே கதிதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல் கருப்பு வரி இருந்தால் மின்சாரம் அந்த வழியாக ஒழுகுகிறது. சுரண்டிச் சரிசெய்யாமல் மாற்றிவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் இன்ஜினே ஆயில் குடிக்கிறது, அது வேறு வைத்தியம். நாலும் ஒரே நிறமாக இருந்தால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்த ஒரு சிலிண்டரைத் துரத்துங்கள். இடைவெளி பல கார்களில் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும். உங்கள் காரின் எண்ணைக் கையேட்டில் பார்த்து, ஃபீலர் கேஜ் வைத்து அளந்து சரிசெய்யுங்கள். மின்சாரத்தைத் தொட்டுத் துண்டிக்கும் பாயின்ட் வைத்த பழைய இக்னிஷன் என்றால் பாயின்ட்டின் முகம் குழி விழுந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

நன்றாகக் கிளம்பி, போகப்போக மூச்சு வாங்குகிறது

இது பெட்ரோல் வரத்துக் குறைவு. கார்புரேட்டரில் இதன் தன்மை தனி. மிதப்புத் தொட்டியில் கொஞ்சம் பெட்ரோல் இருப்பு இருக்கும், அது தீரும்வரை வண்டி நன்றாக இழுக்கும். தீர்ந்ததும் படுத்துவிடும். காலை எடுத்தால் தொட்டி மறுபடி நிறையும், மறுபடி கொஞ்ச தூரம் போகும். இப்படி ஏறி இறங்கினால் ஃபில்டர், பெட்ரோல் குழாய், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

அதற்கும் முன்னால், காசில்லாத ஒரு சோதனை. மூச்சு வாங்கும் நேரத்தில் நிறுத்தி, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதற்கப்புறம் வண்டி சிறிது நேரம் நன்றாக ஓடினால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பம்ப்பின்மேல் தவறில்லை.

அழுத்தம் அளப்பதாக இருந்தால், கார்புரேட்டர் காரின் மெக்கானிக்கல் பம்ப் பெரும்பாலும் 3 முதல் 6 பி.எஸ்.ஐ. தரும். சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர் வைத்த பல கார்களில் 2.5 முதல் 3.5 பார். நிறுத்தி வைத்து அளந்தால் சரியாகவே காட்டும். முக்கும்போது விழுகிறதா என்பதுதான் கேள்வி. கேஜை நீளமான ஹோஸோடு வெளியே முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, ஓட்டிப் பார்ப்பார்கள். பெட்ரோல் கேஜைக் காருக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். மின்சாரப் பம்ப் என்றால் இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் பம்ப் முனையிலும் வோல்டேஜைப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலேயோ துருப்பிடித்த எர்த்தோ காரணம், பம்ப் பாவம்.

ஐட்லிங்கும் ஆடுகிறது

எங்கோ வாக்யூம் ஒழுகுகிறது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், இன்ஜினின் உள் ஆவியை மானிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி ஹோஸ், மானிஃபோல்டு கேஸ்கட் மூன்றும் வழக்கமான இடங்கள். இன்ஜின் ஓடும்போது ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடியுங்கள். எதைக் கிள்ளினால் ஐட்லிங் மாறுகிறதோ அந்த வழியில் தேடுங்கள்.

கோளாறு பார்க்கும் ஸ்கேனரை மாட்ட ஓபிடி சாக்கெட் உள்ள கார் என்றால் (அமெரிக்காவில் 1996 முதல், ஐரோப்பியப் பெட்ரோல் கார்களில் 2001 முதல் கட்டாயம்) ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் எண்களைப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் சேர்க்கிறது என்பதை அது காட்டும். ஐட்லிங்கில் +20 இருந்து, 2500 ஆர்பிஎம்மில் +3 ஆக இறங்கினால் வாக்யூம் ஒழுகல். ஏனென்றால் ஓட்டை அதே அளவுதான், உள்ளே போகும் மொத்தக் காற்று கூடக்கூட அதன் பங்கு குறைகிறது. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க எண் ஏறினால் காற்றை அளக்கும் சென்சார் அழுக்கு, அல்லது பெட்ரோல் வரத்துக் குறைவு. அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவலாம். பிரஷோ துணியோ பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டாலும் ஐட்லிங் ஆடும், மிதித்தால் திணறும். கழற்றிக் கரியைச் சுரண்டி, மூடினால் முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

குளிரில் மட்டும், அல்லது சூட்டில் மட்டும்

குளிரில் மட்டும் முக்கி, சூடேறியதும் சரியானால் கார்புரேட்டரில், குளிரில் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக் சீக்கிரமே திறந்துவிடுகிறது. இன்ஜெக்‌ஷனில் கூலன்ட் வெப்பநிலை சென்சார் பொய் சொல்கிறது: குளிர்ந்த இன்ஜினைச் சூடானது என்று காட்டினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். அதன் இரு முனைகளுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இருக்கும். சூட்டில் மட்டும் என்றால் இக்னிஷன் காயில், மாட்யூல், அல்லது கார்புரேட்டருக்கு வரும் குழாய் எக்ஸாஸ்ட்டுக்கு அருகே ஓடி உள்ளே பெட்ரோல் ஆவியாவது.

எல்லா வேகத்திலும் சோர்வு, ரேஸ் ஏறவே மறுக்கிறது

எக்ஸாஸ்ட் அடைத்திருக்கலாம். வாக்யூம் கேஜ் ஒன்றை மானிஃபோல்டில் இணையுங்கள். நல்ல இன்ஜின் கடல்மட்டத்தில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், உள்ளே கலகலத்தால் தேன்கூடு உடைந்து வழியை மறித்திருக்கிறது.

முள் இறங்கவில்லை, ஆனால் ஐட்லிங்கிலேயே குறைவாக, ஆடாமல் நிற்கிறது என்றால் டைமிங்கைப் பாருங்கள். முதலில் தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங், டைமிங் லைட் வைத்தால் சில நிமிட வேலை. அது சரியாக இருந்தால், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை இன்ஜினோடு இணைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். பெல்ட் மாற்றிய நாளிலிருந்துதான் இந்தச் சோர்வு என்றால், வேறு எதையும் தொடாமல் கவரைக் கழற்றிக் குறிகள் நேராக நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.